ஏழாம் அறைக்குள் அம்மா: மட்டாஞ்சேரி பழைய ஜெயிலுக்கு ஒரு வகுப்புச் சுற்றுலா

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அம்மாவின் வகுப்புச் சுற்றுலாவுக்குத் துணையாகப் போய் வந்தேன். நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். அம்மாவின் வகுப்புதான். மற்ற வீடுகளில் பிள்ளைகளைச் சுற்றுலா அனுப்பும்போது அம்மாக்கள் "தண்ணி பாட்டில் எடுத்தியா, கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போகாதே" என்பார்கள். எங்கள் வீட்டில் அன்று அதையெல்லாம் நான் சொன்னேன்.

மட்டாஞ்சேரிக்கு ஒரு நாள் பயணம் போக நினைப்பவர்கள் அரண்மனை, மசாலாக் கடை, படகு என்று திட்டம் போடுவார்கள். அந்தப் பட்டியலில் பழைய ஜெயிலையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பேய் இருக்கிறது என்று ஊரே சொல்லும் இடம். பேயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் அம்மா.

அம்மாவின் பெயர் ராசாத்தி. வயது நாற்பத்தாறு. சாத்தூர் பக்கத்தில் ஏழாம் வகுப்போடு வீட்டில் படிப்பை நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகி எர்ணாகுளம் வந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. முதலில் சித்தாள் வேலை, பிறகு கழிவுநீர்க் குழாய் பதித்து ஓடை கட்டுகிற வேலை. கேரளத்தில் பெரியவர்களுக்கென்று ஞாயிறு வகுப்பு உண்டு. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் அதில் சேர்ந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். திருப்பூணித்துறையில் நடக்கும் அந்த வகுப்பில் அம்மா சேர்ந்தாள். பாடமெல்லாம் மலையாளம். நான் இங்கேயே பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவள். தமிழ் எழுத்து அம்மா சொல்லிக்கொடுத்தது. அதனால் இந்த வலைப்பூவில் பிழை கண்டால் பாதிப் பழி அவளுக்கு.

சுற்றுலாவுக்கு மூன்று வாரம் முன்னால் வகுப்பில் ஒரு விஷயம் நடந்தது. பாடத்தை உரக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா எழுந்து படித்திருக்கிறாள். கூடப் படிக்கும் வர்கீஸ் சேட்டன், ஆட்டோ ஓட்டுபவர், "இது பாண்டி மலையாளமாச்சே" என்று சொல்லிவிட்டார். தமிழர்களைக் கிண்டல் பண்ண இங்கே சிலர் பயன்படுத்தும் வார்த்தை அது. எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அம்மாவும் சிரித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் புத்தகங்களைக் கட்டி அலமாரியின் மேல் தூக்கிப் போட்டுவிட்டாள்.

"பரீட்சை எழுதலை" என்றாள். "ஏம்மா?" என்றதற்கு, "ஓடை வெட்டுறவளுக்கு எதுக்கு பத்தாங்கிளாஸ்" என்றாள்.

தேர்வுக்கு விண்ணப்பிக்க சுற்றுலா முடிந்த அடுத்த புதன்கிழமைதான் கடைசி நாள். வகுப்பு எடுக்கும் பிந்து டீச்சர் எனக்கு ஃபோன் செய்தார். "மோளே, நீயும் கூட வா. எப்படியாவது அம்மாவைக் கூட்டிட்டு வந்துடு. அதுக்கப்புறம் பாத்துக்கலாம்." சுற்றுலாவுக்கு நூற்றைம்பது ரூபாய் முன்பே கட்டியிருந்ததால்தான் அம்மா கிளம்பினாள். அதுவும் நோட்டுப் புத்தகம் இல்லாமல். நான்தான் அதை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

காலை 8.10க்குத் திருப்பூணித்துறையில் பஸ். வைட்டிலா வரை 5 கிலோமீட்டர், 13 ரூபாய், ஞாயிறு என்பதால் இருபதே நிமிடம். மெட்ரோவிலும் போகலாம், ஆனால் பதினேழு மாணவர்கள், டீச்சர், நான் என்று பத்தொன்பது பேரும் சேர்ந்து உட்கார பஸ்தான் வசதி. வைட்டிலா பஸ் நிலையத்தில் 8.45க்கு மட்டாஞ்சேரி வண்டி. சுமார் 11 கிலோமீட்டர், 23 ரூபாய். ஜன்னல் ஓரம் வேண்டுமென்றால் இடது பக்கம் உட்காருங்கள், வலது பக்கம் வெயில் அடிக்கும்.

பஸ்ஸில் வர்கீஸ் சேட்டன்தான் கதாநாயகன். ஜெயிலின் ஏழாம் அறைக் கதையைச் சொன்னார். சுதந்திரப் போராட்டக் காலத்தில் பிடித்து வைக்கப்பட்ட ஒருவர் தண்ணீர் கேட்டுக் கேட்டே அந்த அறையில் செத்துப்போனாராம். இன்றைக்கும் அந்த அறையில் "வெள்ளம்... வெள்ளம்..." என்று முனகல் கேட்குமாம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். தமிழ்க்காரர்கள் ஊருக்குள் வெள்ளம் வந்துவிட்டது என்று நினைத்து ஓட வேண்டாம். என் பின் இருக்கையில் இருந்த அம்மாவின் வகுப்புத் தோழி நபீசா இத்தா (இத்தா என்றால் அக்கா) கதை முடிவதற்குள் இரண்டு தடவை ஓதிக்கொண்டார். இவர் வீட்டிலும் தமிழ்தான் பேசுவார்கள், பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து இங்கே சாயாக்கடை நடத்துகிறார். அம்மா கதையைக் கேட்டாளா என்றே தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

9.40க்கு இறங்கினோம். கொச்சங்காடியில் சாயாவும் பழம்பொரியும், இரண்டும் சேர்த்து 24 ரூபாய். அங்கிருந்து கிடங்குகளுக்கு நடுவே 600 மீட்டர் நடை. ஞாயிறு ஆனாலும் சுக்கு வாசனை வந்துகொண்டிருக்கும். பெயர்ப் பலகை சின்னது, கவனிக்காவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். யாரிடம் "பழைய ஜெயில்" என்று கேட்டாலும் கை காட்டுவார்கள்.

நுழைவுக் கட்டணம் 10 ரூபாய். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, திங்கள் விடுமுறை. காவலாளி சுகுமாரன் சேட்டன் சாவிக்கொத்தோடு வந்தார். முற்றம், அதன் ஓரமாக நீளமான தாழ்வாரம், தாழ்வாரத்தில் வரிசையாக எட்டு அறைகள். அவ்வளவுதான் ஜெயில். ஆனால் அந்தக் கதவுகளைப் பார்க்க வேண்டும். என் உள்ளங்கை அகலத்துக்குக் கனம். குனிந்துதான் உள்ளே போக முடியும். உள்ளே போனால் மேலே ஒரு சின்ன ஓட்டை தவிர வெளிச்சம் கிடையாது.

வாசலில் இருந்த வரலாற்றுப் பலகையை யாராவது உரக்கப் படிக்கும்படி டீச்சர் கேட்டார். அம்மா மெதுவாக நகர்ந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஒரு நொடி எனக்குக் கோபம் வந்தது, பிறகு பாவமாக இருந்தது. பத்தடி ஆழக் குழிக்குள் தனியாக இறங்கி நிற்பவள், ஒரு பலகைக்குப் பயந்து ஒளிகிறாள்.

டீச்சர் ஒரு பயிற்சி வைத்திருந்தார். அறைக்கு ஒருவராக உள்ளே போய்க் கால் மணி நேரம் தனியாக உட்கார வேண்டும். பார்த்ததை, தோன்றியதைப் பத்து வரி எழுத வேண்டும். ஃபோன் கூடாது. முதல் தவணைக்கு எட்டு பேர். ஏழாம் அறைக்கு மட்டும் ஆள் இல்லை. "வர்கீஸ் சேட்டா, கதை சொன்னது நீங்கதானே" என்றார் டீச்சர். "எனக்கு முட்டு வலி டீச்சரே, படி ஏற முடியாது" என்றார் அவர். ஏழாம் அறைக்குப் படியே கிடையாது.

அம்மா என் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். நான் கொண்டு வந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "நான் போறேன்" என்றாள். நான் கையைப் பிடித்து "வேண்டாம்மா" என்றேன். "அங்கயாவது நான் எழுதுறதை யாரும் பாக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து உள்ளே போனாள். சுகுமாரன் சேட்டன் கதவைப் பாதி சாத்தினார்.

அது 11.15 இருக்கும். ஏழெட்டு நிமிடம் கழித்துச் சத்தம் வந்தது.

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது கை முடியெல்லாம் நின்றுகொண்டது, அதை மறைக்க மாட்டேன். தாழ்வாகத் தொடங்கி, ஏறி, மறுபடி இறங்குகிற முனகல். நின்றது. மறுபடி வந்தது. "வெள்ளம்" என்று நினைத்துக்கொண்டு கேட்டால் "வெள்ளம்" என்றேதான் கேட்கிறது. ஆறாம் அறையிலிருந்து நபீசா இத்தா ஒரே ஒரு செருப்போடு ஓடி வந்தார். மற்ற அறைக்காரர்களும் வெளியே வந்துவிட்டார்கள். இரண்டே நிமிடத்தில் வகுப்பு முழுக்க முற்றத்தில் நின்றது. அம்மா மட்டும் வரவில்லை.

"அம்மா" என்று கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன். முனகல்தான் வந்தது.

சுகுமாரன் சேட்டன், "எல்லா நாளும் கேக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் இவ்வளவு பலமா வரும். முன்னே ஒரு ஆள் மயங்கி விழுந்திருக்கார்" என்றார். இதை ஏன் அவர் முன்பே சொல்லவில்லை என்று கேட்க எனக்கு நேரமில்லை. தாழ்வாரத்தில் ஓடினேன். டீச்சர் பின்னால் வந்தார். கதவைத் தள்ளினேன். உள்ளே இருட்டு. கண் பழகியதும் தெரிந்தது, அம்மா தரையில் குப்புறக் கிடந்தாள். முகம் மூலையில் தரையோடு ஒட்டியிருந்தது.

நான் கத்திய கத்தலில் தெருவே திரும்பியிருக்கும்.

"கத்தாதே" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல். "வந்து இதைக் கேளு."

தரையின் மூலையில் தேங்காய் அளவுக்கு ஓர் ஓட்டை, அதன் மேல் கல்லில் செதுக்கிய சல்லடை மாதிரி ஒரு மூடி. அம்மா அதன் மேல் காதை வைத்திருந்தாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அந்த ஓட்டையின் மேல் பிடித்தாள். முனகல் வரும்போது தாள் படபடவென்று மேலே எழும்பியது. முனகல் நின்றதும் தாள் விழுந்தது. "காத்து வருது பாரு. கீழே ஓடை இருக்கு." என் துப்பட்டாவைக் கேட்காமலே உருவிக்கொண்டாள். சுருட்டி அந்த ஓட்டையில் வைத்து முழங்கையால் அழுத்தினாள். முனகல் பட்டென்று நின்றது. துணியை எடுத்தாள். முனகல் வந்தது. மறுபடி அடைத்தாள், நின்றது. கதவருகே நின்ற டீச்சர் வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வேலையில் இருக்கும்போது மட்டும் அவளுக்கு ஒரு நடை உண்டு. வேகமாக, யாரையும் பார்க்காமல் நடப்பாள். அந்த நடையில் நேராகச் சுகுமாரன் சேட்டனிடம் போனாள். "பின்னாடி தோடு இருக்கா?" என்று மலையாளத்தில் கேட்டாள். தோடு என்றால் வாய்க்கால். இருக்கிறது என்றார். எல்லோரும் பின்னால் போனோம். மதிலடியில் செடிகளை விலக்கினாள். வளைவாகக் கட்டிய பழைய ஓடை வாய் ஒன்று இருந்தது. வாய்க்காலில் இருந்து தண்ணீர் அதற்குள் ஏறிக்கொண்டிருந்தது, வெளியே வர வேண்டிய ஓடைக்குள்.

அங்கே நின்று அம்மா பேசினாள். மலையாளத்தில், பத்தொன்பது பேர் முன்னால்.

"இது வேலியேற்ற நேரம், கடல் பொங்கி ஏறுற நேரம். காயல்ல தண்ணி ஏறுது, தோட்டுல ஏறுது, இந்த ஓடைக்குள்ளயும் ஏறுது. உள்ளே இருக்குற காத்துக்குப் போக வழி வேணும். எட்டு அறையிலும் ஓடைக்கு ஓட்டை இருந்திருக்கும். மத்ததை எல்லாம் பின்னால சிமெண்ட் வெச்சு அடைச்சிட்டாங்க, நான் வரும்போது பாத்தேன். ஏழாம் நம்பர் மட்டும் பாக்கி. அதான் அத்தனை காத்தும் அங்கே வருது. காலி பாட்டில் வாயில ஊதினா சத்தம் வருமே, அது மாதிரி. அந்தப் பக்கம் படகு போகும்போது தண்ணி அலையும், சத்தமும் ஏறி இறங்கும்."

அமாவாசை, பௌர்ணமிக்கு ஏற்றம் அதிகம், அதனால்தான் அந்த நாட்களில் சத்தமும் அதிகம் என்று டீச்சர் சேர்த்துக்கொண்டார். இங்கே கிடங்குகளைப் பழுது பார்த்தபோது ஏற்ற நேரத்தில் குழி வெட்டி, இடுப்பளவு தண்ணீரில் மாட்டிக்கொண்டு அம்மா கற்றுக்கொண்ட பாடம் இது. எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

சுகுமாரன் சேட்டன் முகம்தான் வாடிவிட்டது. "சேச்சி, பேய் இல்லைன்னா இங்கே யார் வருவா?" என்றார்.

"பேய் இல்லைன்னு நான் சொல்லலை சேட்டா. இந்தச் சத்தம் பேய் இல்லைன்னுதான் சொன்னேன்" என்றாள் அம்மா. அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

முற்றத்துக்குத் திரும்பியதும் அம்மா ஓரமாக உட்கார்ந்து மீதி வரிகளை எழுதி முடித்தாள். டீச்சர், "ராசாத்தி, எழுதினதைப் படிக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். அவள் நோட்டைத் திறந்தாள். அவள் மலையாளத்தில் படித்ததை நான் தமிழில் தருகிறேன்.

"இந்த அறை ஒன்பது அடி நீளம், ஆறு அடி அகலம். நான் கையால் அளந்தேன். கதவைச் சாத்தினால் பகலா என்று தெரியாது. இங்கே அடைத்து வைத்தவர்கள் திருடர்கள் இல்லை, நாட்டுக்காக வந்தவர்கள் என்று டீச்சர் சொன்னார். அவர்களுக்குத் தரைக்குக் கீழே தண்ணீர் ஓடுவது கேட்டிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே குடிக்கத் தண்ணீர் கேட்டிருப்பார்கள். அது பேயைவிடப் பயமாக இருக்கிறது. இந்த ஓடையைக் கட்டியவர் நல்ல வேலைக்காரர், தண்ணீர் ஓடுகிற சரிவு, வாட்டம், இன்னும் மாறவில்லை. அவர் பெயர் பலகையில் இல்லை. நானும் ஓடை வேலை செய்கிறேன், அதனால் எனக்கு அவரைத் தெரியும்."

நடுவில் ஒரு வார்த்தையில் திக்கினாள். எழுத்துக் கூட்டி, அதைக் கடந்து, மேலே போனாள். உச்சரிப்பு அதே சாத்தூர் உச்சரிப்புதான். யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் நபீசா இத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்ட ஆரம்பித்தார், பிறகு எல்லோரும்.

வர்கீஸ் சேட்டன் கிட்டே வந்தார். "சேச்சி, அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு" என்றார். சுற்றி வளைக்கவில்லை, சிரித்து மழுப்பவில்லை. அம்மா நோட்டை மூடினாள். "பாண்டி மலையாளம் புரிஞ்சுதா?" என்று கேட்டாள். "நல்லாப் புரிஞ்சுது" என்றார். "அப்போ சரி" என்றாள். இரண்டாம் தவணையில் அவர்தான் முதல் ஆளாக ஏழாம் அறைக்குள் போனார். முட்டு வலி போன இடம் தெரியவில்லை.

மதியம் 12.45க்கு வெளியே வந்தோம். பக்கத்து ஹோட்டலில் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் கறியும் 90 ரூபாய், காரம் கொஞ்சம் அதிகம். திரும்பும்போது எர்ணாகுளம் வரை அரசுப் படகில் வந்தோம். இருபது நிமிடம், பஸ்ஸைவிட மலிவு, அதைவிட அழகு. படகில் டீச்சர் பையிலிருந்து தேர்வு விண்ணப்பத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் நிரப்புவதற்காகப் பேனாவைத் திறந்தேன். அம்மா கையை நீட்டினாள். "குடு. பரீட்சை எனக்கு."

தேர்வு முடிந்து முடிவும் வந்துவிட்டது. அம்மா தேறிவிட்டாள். கணக்கில் டி பிளஸ், அதாவது மயிரிழையில் தப்பித்தது. மலையாளத்தில் பி. நான் பத்தாம் வகுப்பில் மலையாளத்தில் என்ன வாங்கினேன் என்று யாரும் கேட்க வேண்டாம், வீட்டில் அம்மா ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முனகலைக் கேட்க வேண்டுமென்றால் கிளம்புவதற்கு முன் கொச்சியின் ஓத நேரத்தை, அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்கும் நேரத்தை, இணையத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளில், தண்ணீர் ஏறுகிற நேரத்தில் போனால் வாய்ப்பு அதிகம். வேறு நாளில் போய்விட்டு என்னைத் திட்ட வேண்டாம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். உள்ளே கழிப்பறை கிடையாது, சாயாக்கடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பலகைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான். உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் ஓடை வாயைச் சுகுமாரன் சேட்டனிடம் கேட்டால் காட்டுவார். போன மாதம் என் தோழி போனபோது, பேய்க் கதையை முழுதாகச் சொல்லிப் பயமுறுத்திவிட்டு, பிறகு "ஒரு தமிழ்ச் சேச்சி வந்து கண்டுபிடிச்சா" என்று ஓடைக் கதையையும் சொன்னாராம். பயமும் விளக்கமும் அதே பத்து ரூபாய்க்கு.

வெளியே வரும்போது வாசலில் பார்வையாளர் பதிவேட்டில் எழுதச் சொல்வார்கள். அவசரப்படாமல் பழைய பக்கங்களைக் கொஞ்சம் புரட்டுங்கள். நவம்பரில் ஒரு பக்கத்தில், பேரும் ஊரும் மலையாளத்தில், கோணல் மாணலாக, பேனா அழுத்தி எழுதியதில் தாளின் பின்பக்கம் வரை தடம் விழுந்திருக்கும். தொழில் என்ற இடத்தில் அம்மா முதலில் "கூலி" என்று எழுதியிருக்கிறாள். அதை அடித்துவிட்டு, இடம் போதாமல் பக்கத்துக் கட்டத்திலும் நீட்டி எழுதியிருக்கிறாள்: "ஓடை கட்டுபவர், பத்தாம் வகுப்பு மாணவி."